'சிஸ்டர், நான் பிழைச்சுடுவேனா?' - மரணத் தறுவாயில் இருப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ்களின் பணி அறம் என்ன?

"டாக்டர் கைவிரிச்சுட்டாரு." நம்ம ஊரில் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை முடிந்துபோகும் இடம் இந்த வாக்கியம்தான். ஆனால் அதே வார்டில் இருக்கும் நர்ஸுக்கு வேலை அங்கேதான் கூடுகிறது.

காலை, மாலை ரவுண்ட்ஸில் டாக்டர் சில நிமிடங்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார். மீதி நேரமெல்லாம் கட்டில் பக்கத்தில் நிற்பவர் நர்ஸ். ராத்திரி 2 மணிக்கு வலி தாங்காமல் நோயாளி முனகும்போது வருவதும் அவர்தான். "நான் பிழைச்சுடுவேனா?" என்ற கேள்வியும் பெரும்பாலும் அவரிடம்தான் வருகிறது.

அந்த நேரத்தில் ஒரு நர்ஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? உண்மையைச் சொல்லலாமா? வலிக்கு மருந்து கொடுத்தால் உயிர் போய்விடுமா? குடும்பம் ஒன்று சொல்லி, நோயாளி வேறொன்று கேட்டால் யார் பக்கம் நிற்பது? விரிவாகப் பார்க்கலாம்.

பணி அறம் என்றால் என்ன?

நல்ல மனசு இருந்தால் போதும், நர்ஸ் வேலை செய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மனசு வேண்டும்தான். அதோடு எழுதப்பட்ட நெறிகளும் இந்தத் தொழிலுக்கு இருக்கின்றன.

சர்வதேச செவிலியர் கவுன்சில் 1953-ல் முதன்முதலாக ஒரு நெறித் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அது பலமுறை திருத்தப்பட்டு, கடைசியாக 2021-ல் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி நர்ஸ்களின் அடிப்படைக் கடமைகள் நான்கு: ஆரோக்கியத்தை வளர்ப்பது, நோயைத் தடுப்பது, இழந்த நலத்தை மீட்பது, துன்பத்தைத் தணிப்பது. 2021 பதிப்பில் நான்காவது கடமையோடு கண்ணியமான மரணத்துக்குத் துணை நிற்பதும் சேர்ந்தே சொல்லப்படுகிறது.

அதாவது, ஒருவர் நல்லபடியாக இறக்க உதவுவதும் நர்ஸின் வேலையில் ஒரு பகுதி. நோயாளி இறந்துவிட்டாலே அது நர்ஸின் தோல்வி என்று இந்த நெறி கருதுவதில்லை.

இந்தச் சிந்தனை எங்கே தொடங்கியது?

இன்றைய இறுதிக்காலப் பராமரிப்புக்கு வழி போட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். இரண்டாம் உலகப் போர் காலத்தில் லண்டனில் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனை சமூகப் பணியாளராக மாறினார். சாகப்போகிறவர்களின் வலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று பார்த்தவர், பிறகு டாக்டருக்கும் படித்தார். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார்.

அவர் சொன்ன முக்கியமான விஷயம் 'முழு வலி'. உடம்பில் இருக்கும் வலியோடு பயம், பணக்கவலை, தீராத குடும்பச் சண்டை, "எனக்கு ஏன் இப்படி?" என்ற கேள்வி எல்லாம் சேர்ந்துதான் ஒருவரை வாட்டுகிறது என்பது இதன் பொருள். வெறும் மாத்திரையால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது.

இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ், சாந்தி ஆவேத்னா சதன், 1986-ல் மும்பையில் திறக்கப்பட்டது. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் உள்ளிட்டோர் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, பிறகு கேரளா முழுக்க ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. இதற்கென அரசுக் கொள்கையை 2008-ல் முதன்முதலில் அறிவித்த இந்திய மாநிலமும் கேரளாதான். அங்கே வீடு வீடாகப் போகும் நர்ஸ்கள்தான் இந்த வேலையின் முதுகெலும்பு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு 'நோய் ஆதரவு சிகிச்சை'யும் சேர்க்கப்பட்டது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை நர்ஸ்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் இன்னும் போக வேண்டிய தூரம் அதிகம். உலகில் ஆண்டுக்கு 5.68 கோடி பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது. அதில் சுமார் 14 சதவீதம் பேருக்கு மட்டுமே கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

1. உண்மை: "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்"

நம் ஊர் நர்ஸ்கள் சந்திக்கும் முதல் சிக்கலே இதுதான். புற்றுநோய் முற்றிவிட்டது என்று டாக்டர் மகனிடம் சொல்கிறார். மகன் வெளியே வந்ததும் நர்ஸிடம், "அப்பாவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவாரு, எதுவும் சொல்லிடாதீங்க" என்கிறார். உள்ளே அப்பா, "ஏம்மா, எனக்கு என்னதான் வியாதி? யாருமே வாயைத் தொறக்க மாட்டேங்கிறாங்க" என்று கேட்கிறார்.

மகன் கெட்டவர் இல்லை. அவர் மறைப்பது பாசத்தால். ஆனால் கேட்பவருக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. நோயின் பெயரையும் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் முதலில் சொல்ல வேண்டிய பொறுப்பு டாக்டருடையது. அப்படியானால் நர்ஸ் என்ன செய்வார்?

பொய் சொல்லக் கூடாது. "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல, அடுத்த வாரம் எழுந்து நடப்பீங்க" என்பது அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருக்கும். நாளைக்கு உடம்பு மோசமாகும்போது, அவர் அந்த நர்ஸை மறுபடி நம்ப மாட்டார். அதேபோல எல்லாவற்றையும் பட்டென்று போட்டு உடைப்பதும் தவறு.

அனுபவமுள்ள நர்ஸ்கள் கேள்வியிலிருந்தே தொடங்குவார்கள். "டாக்டர் இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காரு ஐயா?" "நீங்க என்ன நினைக்கிறீங்க?" "எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்களா, இல்ல பையன்கிட்ட பேசிக்கட்டுமா?" இந்த மூன்று கேள்விகளிலேயே, பலருக்குத் தன் நிலைமை ஏற்கெனவே பாதி தெரியும் என்பது வெளிப்பட்டுவிடும். தெரிய வேண்டாம் என்று நினைப்பவரும் உண்டு. அதுவும் அவருடைய உரிமை. இதை டாக்டரிடம் சொல்லி, குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேச ஏற்பாடு செய்வதுதான் நர்ஸின் பங்கு.

மறைப்பதால் பறிபோவது வெறும் தகவல் மட்டுமில்லை. நிலத்தை யார் பேரில் எழுதுவது, பேசாமல் இருக்கும் தம்பியைக் கூப்பிடுவதா, கடைசி நாட்களை எங்கே கழிப்பது என்று முடிவெடுக்கும் நேரமும் அதோடு போய்விடுகிறது.

2. வலி நிவாரணம்: மார்ஃபின் கொடுத்தால் உயிர் போயிடுமா?

போகாது. டாக்டர் எழுதிய சரியான அளவில், குறைந்த அளவிலிருந்து தொடங்கி, கவனித்துக்கொண்டே கூட்டும்போது மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. கடும் புற்றுநோய் வலிக்கு அது அடிப்படை மருந்து என்பதை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வெளியிட்ட வலி நிவாரண வழிகாட்டியில் சொல்லிவிட்டது.

இந்தியாவில் சிக்கல் வேறு. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையான விதிகளால், வலிக்குத் தேவைப்பட்டவர்களுக்கே மார்ஃபின் கிடைப்பது அரிதானது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் உட்பட 6 மருந்துகளை அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் பெறும் வழி எளிதாக்கப்பட்டது. ஆனாலும் "அது போதை மருந்தாச்சே" என்ற பயம் வீடுகளிலும் சில வார்டுகளிலும் இன்னும் இருக்கிறது.

நர்ஸின் வேலை இங்கே என்னென்ன?

நோயாளி சொல்லும் வலியை நம்புவது: 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். பேச முடியாதவர் என்றால் நெற்றிச் சுருக்கம், முனகல், இறுக்கிப் பிடித்த கை ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

நேரம் தவறாமல் கொடுப்பது: வழக்கமான மார்ஃபின் மாத்திரையின் பலன் சுமார் 4 மணி நேரம்தான். வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, வருவதற்கு முன் கொடுப்பதே முறை.

பக்கவிளைவைக் கவனிப்பது: தொடக்கத்தில் தூக்கம், குமட்டல் வரலாம், சில நாட்களில் குறையும். மலச்சிக்கல் மட்டும் தொடரும். அதனால் மலமிளக்கி மருந்தும் சேர்த்தே தரப்படும்.

கணக்கு எழுதுவது: எத்தனை மாத்திரை வந்தது, யாருக்கு எவ்வளவு போனது என்று ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

சிலர் வலியின் உச்சத்தில், "ஒரு ஊசியைப் போட்டு என்னை அனுப்பிடு தாயி" என்று கேட்பதும் உண்டு. உயிரை எடுக்கும் நோக்கத்தோடு மருந்து செலுத்துவது இந்தியாவில் குற்றம். அதை எந்த நர்ஸும் செய்ய முடியாது. ஆனால் "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாயடைத்துவிட்டுப் போவதும் பதிலாகாது. அந்த வார்த்தைக்குப் பின்னால் அடங்காத வலியோ, "பிள்ளைகளுக்குப் பாரமாயிட்டேன்" என்ற நினைப்போ இருக்கலாம். அது எது என்று கேட்டு, சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்வதுதான் அறம்.

3. கண்ணியம்: சின்னச் சின்ன வேலைகளில் இருப்பது

கண்ணியம் பெரிய வார்த்தையாகத் தெரியும். வார்டில் அது மிகச் சாதாரணமான வேலைகளில்தான் இருக்கிறது. உடம்பு துடைக்கும்போது திரையை இழுத்துவிடுவது. "பெட் நம்பர் 12" என்று சொல்லாமல் பேர் சொல்லி, அம்மா, ஐயா என்று கூப்பிடுவது. படுக்கைப் புண் வராமல் நேரத்துக்குப் புரட்டிப் படுக்கவைப்பது. காய்ந்த வாயை ஈரப் பஞ்சால் துடைத்து, உதட்டில் வாசலின் தடவுவது. மயக்கத்தில் இருப்பவரிடமும், "பாட்டி, இப்போ திருப்பிப் படுக்க வைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுவது.

நினைவில்லாதவரிடம் எதற்குப் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் ஹாஸ்பிஸ் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020-ல் வெளியான ஆய்வில், எந்த அசைவும் காட்டாத நிலையிலும் சிலரின் மூளை ஒலிகளுக்குப் பதில் காட்டியது தெரியவந்தது. அவர்களுக்கு வார்த்தை புரிந்ததா என்பது வேறு கேள்வி. கட்டில் பக்கத்தில் நின்று சொத்துச் சண்டை போடாமலிருக்க இது போதுமான காரணம்.

உயிர் பிரிந்த பிறகும் இந்தக் கடமை தொடர்கிறது. கண்களை மூடி, கை கால்களை நேராக்கி, டியூப்களை எடுத்து, உடலைத் துடைத்து, சுத்தமான துணி போர்த்திய பிறகே குடும்பத்தை உள்ளே விடுவார்கள். விபத்து, தற்கொலை போன்ற போலீஸ் கேஸ்களில் மட்டும் பிரேதப் பரிசோதனைக்காக டியூப்கள் அப்படியே விடப்படும். அந்தக் காரணத்தைக் குடும்பத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. அஞ்சு நிமிஷம் முன்பு வரை 'அப்பா'வாக இருந்தவரை, "பாடியை எப்ப எடுக்கறீங்க?" என்று கேட்பது அந்தக் குடும்பத்துக்கு ஆயுசுக்கும் மறக்காது.

4. நம்பிக்கைகளை மதிப்பது

கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்றுவது, துளசி தீர்த்தம், கங்கை நீர் விடுவது பல வீடுகளில் வழக்கம். முஸ்லிம் குடும்பங்களில் காதருகே கலிமா சொல்வார்கள், கிப்லா திசை பார்த்துப் படுக்கவைக்கச் சொல்வார்கள். கத்தோலிக்கர்கள் பாதிரியாரை அழைத்து நோயில் பூசுதல் செய்வார்கள். நர்ஸுக்கு அந்த நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். அல்லது அவருடைய மதமே வேறாக இருக்கலாம். ஆனாலும் அதற்கு இடம் கொடுப்பதும், முடிந்தவரை கட்டிலைத் திருப்பிப் போட உதவுவதும் பணி அறத்தில் சேரும். தன் மதத்தை நோயாளியிடம் திணிப்பது சேராது.

இதில் பாதுகாப்பும் முக்கியம். விழுங்க முடியாதவருக்கு ஒரு ஸ்பூன் பால் ஊற்றினாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போய்த் திணறலை உண்டாக்கலாம். "ஊத்தக் கூடாது" என்று விரட்டுவதற்குப் பதில், "பஞ்சுல நனைச்சு உதட்டுல தொட்டு வைங்கம்மா" என்று சொல்லிக்கொடுத்தால் சடங்கும் நடக்கும், நோயாளிக்கும் கஷ்டமில்லை.

அறங்கள் மோதும்போது: மும்பை கே.இ.எம். நர்ஸ்கள்

நர்ஸ்களின் பணி அறம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் பேசப்பட்ட வழக்கு அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அவர், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே ஒரு ஊழியரால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். மூளை பாதிக்கப்பட்டு, மீளாத நிலைக்குப் போனார். 2015 மே 18-ல் நிமோனியாவால் இறக்கும்வரை, சுமார் 42 ஆண்டுகள் அதே மருத்துவமனை நர்ஸ்கள்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவருடன் வேலை செய்தவர்கள் ஓய்வு பெற்றார்கள். அவரை நல்ல உடம்போடு பார்த்தேயிராத புதிய நர்ஸ்கள் வந்தார்கள். உணவூட்டுவது, குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது நிற்கவில்லை. அத்தனை ஆண்டுகளிலும் அவருக்குப் படுக்கைப் புண் வராதது பெரிதாகப் பேசப்பட்டது.

எழுத்தாளர் பிங்கி விரானி, அருணாவுக்கு உணவூட்டுவதை நிறுத்தி அவரை நிம்மதியாகப் போகவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் மனு செய்தார். கே.இ.எம். நர்ஸ்கள் அதை எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7-ல் மனு தள்ளுபடியானது. இத்தனை காலம் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களின் கருத்துக்கே நீதிமன்றம் எடை கொடுத்தது. அதே தீர்ப்பில், கடும் நிபந்தனைகளோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த அனுமதிக்கலாம் என்ற வழியும் இந்தியாவில் முதல்முறையாகத் திறந்தது.

இந்த வழக்கில் இரண்டு பக்கமும் கண்ணியத்தைப் பற்றித்தான் பேசின. இப்படி ஒரு வாழ்க்கை கண்ணியமா என்றது ஒரு பக்கம். எங்கள் சகோதரியைப் பட்டினி போடுவதா கண்ணியம் என்றது மறுபக்கம். பதில் சொல்ல வேண்டிய அருணாவால் பேச முடியவில்லை. அவர் என்ன விரும்பியிருப்பார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

நோயாளியின் விருப்பத்துக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 'லிவிங் வில்' எனப்படும் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம். 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு இதற்கு அனுமதி கொடுத்தது. விதிமுறைகள் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டன.

இப்போதைய நிலை இதுதான்: 18 வயது நிறைந்த, தெளிவான மனநிலையில் உள்ள எவரும் எழுதலாம். 2 சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். பேச முடியாத நிலை வந்தால் தன் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்பதையும் குறிப்பிடலாம். குணமாக வழியில்லாத நிலையில், மருத்துவமனையின் முதல் மருத்துவக் குழுவும் பிறகு இரண்டாவது குழுவும் ஆராய்ந்து ஒப்புக்கொண்டால் வென்டிலேட்டர் போன்ற சிகிச்சைகளை நிறுத்தலாம்.

இந்தக் குழுக்களில் இடம்பெறுபவர்கள் டாக்டர்கள். ஆனால் "எனக்குக் குழாயெல்லாம் சொருக வேண்டாம்மா, வீட்டுல சாகணும்" என்று நோயாளி முதலில் சொல்வது நர்ஸிடமாக இருக்கலாம். அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் டாக்டரிடம் சொல்வதும், கேஸ் ஷீட்டில் பதிவு செய்வதும் அவர் கடமை. சிகிச்சையை நிறுத்தினாலும் பராமரிப்பை நிறுத்தக் கூடாது. வலி மருந்தும் வாய் சுத்தமும் கடைசி மூச்சு வரை தொடர வேண்டும்.

நர்ஸ்களின் மனபாரம்

செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும், சூழ்நிலையால் செய்ய முடியாமல் போகும் வேதனைக்கு 'மாரல் டிஸ்ட்ரெஸ்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்ட்டன். ஆண்டு 1984. நர்ஸ்களைப் பற்றி எழுதும்போதுதான் அவர் இதைச் சொன்னார். பிழைக்க வழியில்லை என்று தெரிந்த 85 வயதுப் பெரியவரின் நெஞ்சை அழுத்தி விலா எலும்பு முறிவதை உணரும் நர்ஸுக்கும், நைட் டூட்டியில் வார்டு முழுக்க ஒரே ஆளாக ஓடி, சாகும் ஒருவர் கையைப் பிடித்து 5 நிமிஷம் உட்கார முடியாமல் போன நர்ஸுக்கும் இது நன்றாகவே தெரியும்.

ஒருவர் இறந்த கட்டிலில் அடுத்த ஒரு மணி நேரத்தில் புது நோயாளி வந்துவிடுகிறார். அழக்கூட நேரம் கிடையாது. வார்டில் போதுமான நர்ஸ்கள், இறுதிக்காலப் பராமரிப்பில் பயிற்சி, கஷ்டமான மரணத்துக்குப் பிறகு குழுவாக உட்கார்ந்து பேசும் வழக்கம் ஆகியவை இல்லாமல் அறத்தை நர்ஸ்களிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியவை

சாப்பாடு குறைவது இயல்பு: கடைசி நாட்களில் உடம்புக்கே உணவு தேவைப்படுவதில்லை. கட்டாயமாக ஊட்டினால் புரையேறலாம். "குளுக்கோஸ் ஏத்துங்க" என்று வற்புறுத்தி அதிகமாக ஏற்றினால் வீக்கமும் மூச்சுத்திணறலும் கூடலாம்.

மூச்சில் கரகரப்பு: தொண்டையில் சளி தேங்குவதால் வரும் சத்தம். கேட்பவர்களுக்குப் பயமாக இருக்கும். நினைவிழந்த நோயாளிக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையலாம்.

மூச்சு இடைவெளி, கை கால் குளிர்வது: நேரம் நெருங்குவதற்கான அடையாளங்கள். கூட இருப்பதுதான் அப்போது தேவை.

நர்ஸிடம் கேட்கலாம்: "வலி இருக்கா? எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாங்க என்ன செய்யலாம்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்ள உதவி: அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோய் ஆதரவு சிகிச்சை பற்றி விசாரிக்கலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் கேட்கலாம்.

"இனி செய்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்று யாராவது சொன்னால், நோயைக் குணப்படுத்த ஒன்றும் இல்லை என்று மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். வலியைக் குறைக்கவும், கேட்பதற்கு உண்மையாகப் பதில் சொல்லவும், பக்கத்தில் இருக்கவும் இன்னும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால், கட்டில் பக்கத்தில் நிற்கும் சிஸ்டரிடம் கேளுங்கள்.